எல்லாருக்கும் ஒரே செல் நம்பர்: 2147483647

கேள்வி | 4 நவம்பர் 2024, காலை 11.20

ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வந்து போனவர்களுக்கு நன்றி சொல்லி மெசேஜ் போடலாம் என்று பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து கஸ்டமர் லிஸ்ட்டை எடுத்தால், கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே செல் நம்பர்: 2147483647. பக்கத்துக் கடைக்காரர் வைரஸ் என்கிறார். கடைப் பையன் ஏதோ தேடிப் படித்துவிட்டு, "அண்ணா, இது பகா எண். உடைக்க முடியாத எண்ணாகப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் கடைசி எண்ணாக வைத்திருக்கிறார்கள், பாதுகாப்புக்காக" என்கிறான். யார் சொல்வது சரி?

4 நவம்பர், மதியம் 2.05

வைரஸ் இல்லை. சாஃப்ட்வேர் எழுதியவர் போன் நம்பரை 'இன்ட்' வகையில், அதாவது முழு எண்ணுக்கான பெட்டியில் போட்டிருக்கிறார். அந்தப் பெட்டியில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் கொள்ளும். நம் ஊர் செல் நம்பர் 6, 7, 8, 9-இல் ஏதாவது ஒன்றில்தான் தொடங்கும், பத்து இலக்கம். அதாவது குறைந்தது 600 கோடி. தரவைச் சேமித்து வைக்கும் மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருளின் பழைய பதிப்பு, பெட்டிக்குள் அடங்காத எண் வந்தால் சண்டை போடாது. கொள்ளும் அளவில் பெரியதை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். ஆயிரம் பேர் வந்தாலும் ஆயிரம் பேருக்கும் அதே எண்தான்.

சோதித்துப் பாருங்கள்: லிஸ்ட்டில் யாராவது எஸ்டிடி கோடு இல்லாமல் வெறும் லேண்ட்லைன் நம்பர் கொடுத்திருந்தால், அது மட்டும் ஒழுங்காக இருக்கும்.

4 நவம்பர், மதியம் 2.20

'அன்சைன்ட்' (மைனஸ் எண்ணுக்கு இடம் வைக்காத இன்ட்) என்று மாற்றினால் போதுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. அதன் உச்சம் 429 கோடி சொச்சம், நம் செல் நம்பர் அதையும் தாண்டும். எல்லாருக்கும் 4294967295 என்று வரும், அவ்வளவுதான் முன்னேற்றம். போன் நம்பரை எழுத்தாக வையுங்கள். யாரும் யாருடைய செல் நம்பரோடும் கூட்டல் கழித்தல் போடப் போவதில்லை.

4 நவம்பர், இரவு 10.40

இப்போது பையன் சொன்னது. பாதி சரி. 2147483647 பகா எண்தான். ஆனால் பகா எண் என்பதற்காக யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இன்ட் பெட்டி 32 பிட், அதாவது 0 அல்லது 1 போடும் 32 கட்டம். அதில் ஒன்று பிளஸ், மைனஸ் குறிக்குப் போகிறது. மிச்சம் 31. எல்லாவற்றிலும் 1 போட்டால் 2^31 − 1, அதாவது 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று குறைத்தது. எண்ணின் உச்சம் அங்கே வந்து நிற்பதற்கு அது மட்டுமே காரணம். பகா எண்தான் வேண்டும் என்று யாராவது நினைத்திருந்தால் மற்ற அளவுகளிலும் பார்த்திருப்பார்களே? 8 பிட்டுக்கு உச்சம் 127, பகா எண். 16 பிட்டுக்கு 32767. அது 7 × 31 × 151. 64 பிட்டுக்கு 2^63 − 1, அது 7-ஆலேயே வகுபடும், அதுவும் இரண்டு தடவை. 8 பகா, 16 பகு, 32 பகா, 64 பகு. ஒன்று விட்டு ஒன்று.

"உடைக்க முடியாது, அதனால் பாதுகாப்பு" என்பது வேறு எதையோ படித்த குழப்பம். பூட்டுக்குப் பயன்படுவது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்குத்தொகை. பிரிக்கக் கஷ்டமாக இருப்பது அது. இந்த எண் பத்தே இலக்கம். பகா எண்தானா என்று உங்கள் போன் கண் சிமிட்டுவதற்குள் சொல்லிவிடும்.

5 நவம்பர், காலை 6.50

ராத்திரி இதை எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இந்த எண்ணிடம் நானே அடி வாங்கியவன். 2009-இல் ஒரு நூல் வியாபாரிக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். தசமப் புள்ளி வைத்தால் பைசா கணக்கில் உதைக்கும் என்று கெட்டிக்காரத்தனமாக எல்லாத் தொகையையும் பைசாவாக மாற்றி இன்ட்டில் வைத்தேன். 2147483647 பைசா எவ்வளவு? 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா. அவருக்கு அந்த வருட மொத்தம் அவ்வளவு வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் போன். "மொத்தம் மைனஸ்ல காட்டுது." போய்ப் பார்த்தேன். 2,14,74,900 என்று வர வேண்டிய இடத்தில் −2,14,74,772.96. அவர் நிதானமாகக் கேட்டார்: "இத்தனை வருசம் யாவாரம் பண்ணி நான் ஊருக்கு ரெண்டு கோடி பாக்கியா கண்ணு?"

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உச்ச வரம்பு என்பது மட்டும்தான். அது பகா எண் என்று தெரிந்தது இரண்டு வருடம் கழித்து.

5 நவம்பர், இரவு 9.15

கம்ப்யூட்டர் இல்லாமல் இதைப் பகா எண் என்று எப்படி உறுதி செய்தார்கள் என்று கேட்டவருக்கு.

லியோனார்ட் ஆய்லர் என்ற கணித மேதை, 1772. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்தார், வயது அறுபத்தைந்தை ஒட்டி. வலது கண் 1730-களிலேயே போய்விட்டது. இடது கண்ணில் புரை விழுந்து 1771-இல் அறுவை செய்து, அதுவும் ஏறக்குறைய போய்விட்டது. அதே வருடம் வீடு வேறு தீப்பிடித்தது. இந்த லட்சணத்தில்தான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் 2^31 − 1 பகா எண் என்கிறார். (எந்த பெர்னூலி என்று யாரும் கேட்க வேண்டாம். அந்தக் குடும்பத்தில் கல்லைத் தூக்கிப் போட்டால் ஒரு கணித மேதை தலையில்தான் விழும்.)

ஒரு எண் பகா எண்தானா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதற்குள் இருக்கும் பகா எண்கள் ஏறக்குறைய 4,800. கண் தெரியாதவர் 4,800 தடவை வகுத்தாரா? இல்லை.

2^31 − 1-ஐ வகுக்கும் பகா எண் எதுவானாலும் அது 62-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். ஏன்? அந்த எண்ணால் வகுத்து மீதி பார்க்கும் உலகத்தில், 2-ஐ 31 தடவை பெருக்கினால் 1 வந்துவிடுகிறது. 31 பகா எண் என்பதால் அதற்கு முன்னால் எங்கேயும் 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி இந்தச் சுற்றின் நீளம், வகுக்கும் எண்ணில் ஒன்று குறைத்தால் வருவதை மீதியின்றி வகுக்க வேண்டும். ஆக அது 31-இன் மடங்கு. இரட்டை எண்ணும்கூட என்பதால் 62-இன் மடங்கு. 4,800 போய், 62, 62-ஆகத் தாண்டினால் 747 இடம்தான்.

5 நவம்பர், இரவு 9.50

மேலே எழுதியது போதாது. ஆய்லர் 747-இலும் நிற்கவில்லை. நான் விட்டது இன்னொரு சல்லடை.

65536-ஐ வர்க்கம் பண்ணினால் 2^32. நம்முடைய மீதி உலகத்தில் 2^31 என்பது 1, ஆகவே 2^32 என்பது 2. அதாவது இங்கே 2-க்கு வர்க்கமூலம் உண்டு, அது 65536. எந்தப் பகா எண்ணின் உலகத்தில் 2-க்கு வர்க்கமூலம் இருக்கிறதோ, அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்பது ஒரு பழைய தேற்றம். இரண்டு சல்லடையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே தேறும். 46,340-க்குள் அப்படி 373.

6 நவம்பர், காலை 7.10

372. தொடக்கத்தில் இருக்கும் 63-ஐயும் சேர்த்து எண்ணிவிட்டேன். அது 7 × 9. சுட்டிக்காட்டியவர் கணக்கு வாத்தியார் போல, "பிழை, ஆயினும் முறை சரி" என்று வேறு எழுதியிருக்கிறார். அரை மார்க்காவது போட்டாரே.

அந்த 372-இலும் பெரும்பாலானவை பகு எண்கள். 249 என்றால் 3 × 83. 497 என்றால் 7 × 71. பகா எண்களை மட்டும் பொறுக்கினால் எண்பதை ஒட்டித்தான் வரும். முதல் ஆறு 311, 1303, 1489, 2543, 2729, 2791. எண்பது வகுத்தல். அதைக் கையிலேயே போடலாம்.

6 நவம்பர், மாலை 6.30

போடலாம் என்று எழுதியது வினை. "எங்கே, போட்டுக் காட்டுங்கள்" என்கிறார்கள். நாற்பது பக்க நோட்டு வாங்கிவிட்டேன்.

6 நவம்பர், இரவு 11.30

311: ஈவு 69,05,092, மீதி 35.
1303: ஈவு 16,48,107, மீதி 226.
1489: ஈவு 14,42,232, மீதி 199.
2543: ஈவு 8,44,468, மீதி 1,623.

நான்கு வகுத்தலுக்கு முக்கால் மணி நேரம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நீள் வகுத்தல் போட்டதே இல்லை என்பது கைக்குத் தெரிகிறது.

7 நவம்பர், காலை 8.00

நான்காவது தப்பு. கண்டுபிடித்தவர் என் மாமனார். கூட்டுறவு சங்கம் ஒன்றில் முப்பது வருடம் பேரேடு எழுதியவர். காபி குடித்துக்கொண்டே நோட்டைப் புரட்டிவிட்டு, "மாப்ளே, ஒன்பது தள்ளிப் பாத்தீங்களா?" என்றார்.

தெரியாதவர்களுக்கு: எண்ணின் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குவது. 2147483647-க்குக் கூட்டுத்தொகை 46, பிறகு 10, பிறகு 1. வகுத்தி 2543-க்கு 14, அதாவது 5. ஈவு 844468-க்கு 34, அதாவது 7. ஐயேழு முப்பத்தைந்து, 8. என் மீதி 1623-க்கு 12, அதாவது 3. எட்டும் மூன்றும் பதினொன்று, 2. வர வேண்டியது 1. "ஒண்ணு இடிக்குது. நூறுல கை வெச்சிருப்பீங்க" என்றார். பார்த்தேன், கடைசிக் கழித்தலில் கடன் வாங்கியதை மறந்திருக்கிறேன். சரியான மீதி 1,523.

நூறு என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கடன் வாங்கினதை மறக்கறது பெரும்பாலும் நூறுலதான்" என்றார். இதற்குத் தேற்றம் எதுவும் கிடையாது. முப்பது வருடப் பேரேடு.

7 நவம்பர், காலை 8.25

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. ஒன்பது தள்ளுவது ஏன் வேலை செய்கிறது? 9 என்பது 10-இல் ஒன்று குறைவு. 9-ஆல் வகுக்கும்போது 10, 100, 1000 எல்லாமே மீதி 1. அதனால் இலக்கங்களைச் சும்மா கூட்டினாலே போதும். 2147483647 என்பது 2^31-இல் ஒன்று குறைவு. அதே கதை! எவ்வளவு பெரிய எண்ணானாலும் இரும எழுத்தில் வலமிருந்து 31, 31 பிட்டாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் மீதி வந்துவிடும். வகுத்தலே வேண்டாம். கம்ப்யூட்டருக்கு வகுத்தல் சுமை, கூட்டல் சுலபம். இந்த எண்ணை நிரல் எழுதுகிறவர்கள் கொண்டாடுவதற்கு இது பெரிய காரணம். மாமனாரிடம் சொன்னேன். "அப்ப அதுவும் நம்ம ஒன்பதுதான், ஊர்தான் வேற" என்றார்.

9 நவம்பர், மதியம் 1.10

"214 கோடி எல்லாம் ஒரு பெரிய எண்ணா? போன மாதம் கண்டுபிடித்ததைப் பார்க்கவில்லையா?" என்று ஒருவர். பார்த்தேன். 2^136279841 − 1. அமெரிக்கர் லூக் டுரான்ட், ஜிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில், ஊர் ஊராகத் தரவு மையங்களின் கிராஃபிக்ஸ் சிப்களை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பிடித்தார். 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கமாக அச்சடித்தால் பதின்மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பக்கம். மகிழ்ச்சி. ஆனால் அதை யாரும் நோட்டில் வகுத்துப் பார்க்க முடியாது. கைக்கு எட்டும் எண்களில் இதுதான் பெரியது என்று எனக்குப் படுகிறது. மூன்றிலக்கமும் இல்லை, மூன்று கோடி இலக்கமும் இல்லை. ஒரு மனிதன் ஒரு மாதம் உட்கார்ந்தால் முடியும்.

ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது இதுதான். 2-இன் அடுக்கில் ஒன்று குறைத்து வரும் பகா எண்களில் (மெர்சென் பகா எண்கள் என்பார்கள்) இதற்கு முன் பெரியது, கட்டால்டி என்ற இத்தாலியர் 1588-இல் சரிபார்த்த 5,24,287, அதாவது 2^19 − 1. அந்த வகையில் ஆய்லர் ஒரே தாவலில் ஆறு இலக்கத்திலிருந்து பத்து இலக்கத்துக்குக் கொண்டுபோனார். 1867 வரை, 95 வருடம், இதை யாரும் தாண்டவில்லை.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதற்கு மேல் யாரும் தேடப் போவதில்லை, இவை வேடிக்கைக்குத்தானே தவிர உபயோகத்துக்கு இல்லை என்று எழுதிவைத்தார். இரண்டுமே பொய்த்தன.

9 நவம்பர், இரவு 8.45

இரண்டு திருத்தம்.

ஒன்று: பார்லோ சொன்னது நேராகப் பகா எண்ணைப் பற்றி இல்லை. இதிலிருந்து பிறக்கும் நிறைவெண்ணைப் பற்றி. 2^30-ஐ 2^31 − 1-ஆல் பெருக்கினால் 2305843008139952128. தன்னை விட்டு மற்ற வகுத்திகளையெல்லாம் கூட்டினால் தன்னையே தரும் எண் (6 = 1 + 2 + 3 மாதிரி), அந்த வரிசையில் எட்டாவது. பெரிய நிறைவெண் வேண்டுமானால் பெரிய மெர்சென் பகா எண் வேண்டும், ஆகவே விஷயம் ஒன்றுதான். ஆனாலும் நான் எழுதியது பிசகு.

இரண்டு: 1867 என்பது புத்தகங்களில் வழக்கமாக இருக்கும் ஆண்டு. லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 2^59 − 1-ஐப் பிரித்தபோது கிடைத்த 3203431780337. ஆனால் 1855-லேயே கிளாவ்சன் என்பவர் காவுஸுக்கு எழுதிய கடிதத்தில் 2^64 + 1-ஐ 274177 × 67280421310721 என்று பிரித்து, இரண்டாவது பகா எண் என்றும் சொல்லியிருக்கிறார். கடிதம் வெளியே வந்தது நூறு வருடத்துக்கும் மேல் கழித்து. கடிதத்தைக் கணக்கில் எடுத்தால் 83 வருடம், விட்டால் 95. எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பெட்டிக்குள் கிடந்தாலும் விடை விடைதான்.

10 நவம்பர், மாலை 5.00

ஞாயிற்றுக்கிழமை. மாமனார் தனக்கு ஒரு நோட்டு வாங்கிக்கொண்டார். பட்டியலில் ஒற்றைப்படை இடங்கள் எனக்கு, இரட்டைப்படை இடங்கள் அவருக்கு என்று பங்கு பிரித்திருக்கிறோம். 2729: ஈவு 7,86,912, மீதி 799, என்னுடையது. 2791: ஈவு 7,69,431, மீதி 1,726, அவருடையது. என் ஒன்றுக்கு அவர் மூன்று முடிக்கிறார்.

12 நவம்பர், இரவு 10.10

குறுக்கு வழி இல்லையா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் போட்ட வழி, பிறகு லேமர் என்ற அமெரிக்கர் சீர் செய்தது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் பண்ணி 2 கழியுங்கள். நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்யுங்கள். 4, 14, 194, 37634, 1416317954... இப்படி 29 தடவை. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. உலக சாதனைகள் எல்லாம் இந்த வழியில்தான் உறுதியாகின்றன.

29 தடவைதானே என்று தோன்றும். மாமனாரிடம் காட்டினேன். ஐந்தாவது அடியில் பத்து இலக்க எண்ணின் வர்க்கம் என்றதும், "எனக்கு வகுத்தலே போதும் மாப்ளே" என்று நோட்டை இழுத்துக்கொண்டார்.

ஒரு ருசி மட்டும். கடைசிப் பூஜ்யத்துக்கு முந்திய எண் என்னவாக இருக்கும்? அதன் வர்க்கத்தில் 2 கழித்தால் பூஜ்யம், அதாவது அது 2-இன் வர்க்கமூலம். போன வாரம் பார்த்தோமே: 65536. அல்லது அதன் எதிரெண்ணுக்குரிய மீதி 2147418111. இரண்டில் ஒன்றுதான் வர முடியும், எது என்று ஓட்டிப் பாருங்கள்.

13 நவம்பர், காலை 7.30

பார்லோவின் "உபயோகம் இல்லை"க்குப் பதில் சொல்லாமல் விட்டேன். சமவாய்ப்பு எண்.

கம்ப்யூட்டர் தாயம் உருட்டியது வெகு காலம் பெரும்பாலும் இப்படி: கையில் இருக்கும் எண்ணை ஒரு நிலையான எண்ணால் பெருக்கு, இன்னொன்றால் வகுத்து மீதியை எடு, அதுதான் அடுத்த எண். 1960-களில் ஐபிஎம் இயந்திரங்களில் ராண்டு என்று ஒன்று ஓடியது. பெருக்குவது 65539-ஆல், வகுப்பது 2^31-ஆல். ஒன்று குறைக்கவில்லை! வந்ததெல்லாம் ஒற்றைப்படை எண்கள். மும்மூன்றாக எடுத்துப் புள்ளி வைத்தால் எல்லாப் புள்ளியும் பதினைந்தே தளங்களில் போய் உட்கார்ந்தன. அதை நம்பிச் செய்த கணக்குகளின் கதியை நினைத்துப் பாருங்கள்.

ஒன்று குறைத்து 2147483647-ஆல் வகுத்தால், அது பகா எண் என்பதால், பெருக்கியைச் சரியாகப் பிடித்தால் 1 முதல் 2147483646 வரை ஒரு எண் விடாமல் சுற்றி வந்த பிறகுதான் திரும்பும். 1969-இல் ஐபிஎம் 360-க்காக லூயிஸ், குட்மன், மில்லர் மூவர் தேர்ந்தெடுத்த பெருக்கி 16807. அது 7^5. ஏன் 7? முழுச் சுற்றும் வரும் எண்களில் சிறியது 7. ஏன் ஐந்தடுக்கு? 2147483646-ஐப் பிரித்தால் 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. அதில் 5 இல்லை, அதனால் சுற்று உடையாது. 2-ஐப் பெருக்கியாக வைத்தால் 31-ஆவது அடியில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். நம் 31-தான் அது, மறுபடி.

1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதையே குறைந்தபட்சத் தரம் என்று முன்வைத்தார்கள். சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு சோதனை: 1-இல் தொடங்கிப் பத்தாயிரம் தடவை ஓட்டினால் 1043618065 வர வேண்டும். கல்லூரியில் எனக்கு அது வரவில்லை, மைனஸ் எண்கள் வந்தன. 16807-ஆல் பெருக்கும்போதே 32 பிட் பெட்டி நிரம்பி வழிந்துவிடும் என்று தெரியாது. 2009-க்கு வெகு முன்னால் இதே எண் என்னை ஒரு தடவை எச்சரித்திருக்கிறது, காதில் வாங்கவில்லை.

(இன்றைக்கு ரகசியச் சாவி எதற்கும் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.)

13 நவம்பர், காலை 7.45

2038 பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை 32 பிட்டில் எண்ணும் இயந்திரங்களுக்கு 2147483647-ஆவது நொடி 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8.44.07. செவ்வாய்க்கிழமை. அடுத்த நொடி அவற்றுக்கு 1901 டிசம்பர்.

15 நவம்பர், இரவு 9.30

"ஒன்று விட்டு ஒன்று" என்று முதல் நாள் எழுதினேனே, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் 128 பிட் போய் 2^127 − 1-உம் பகா எண் என்று வந்திருக்கிறார். உண்மைதான், லூக்காவே 1876-இல் காட்டியது. ஆனால் 512-இல் சங்கிலி அறுந்துவிடும். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் 2-இன் அடுக்கில் ஒன்று குறைத்ததும் பகு எண்தான்; 511 = 7 × 73.

8, 32, 128 மூன்றிலும் அடுக்காக வரும் 7, 31, 127 தாங்களே மெர்சென் பகா எண்கள். ஆனால் அது மட்டும் போதாது. அந்த வகையில் அடுத்தது 8191. அதாவது 8192 பிட் கம்ப்யூட்டர் யாராவது கட்டினால் அதன் உச்ச எண் 2^8191 − 1. அது பகா எண்ணா? இல்லை. 1953-இல் இலியாக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பகு எண் என்று கண்டார்கள், 1976-இல் வகுக்கும் எண்ணும் கிடைத்தது: 338193759479.

நம் எண்ணையே அடுக்காக வைத்தால்? 2^2147483647 − 1. அறுபத்து நான்கு கோடி இலக்கத்துக்கும் மேல். பகு எண். அதை வகுக்கும் எண் பதினைந்தே இலக்கம்: 295257526626031. ஆய்லரின் முதல் சல்லடை இங்கேயும் பிடிக்கிறது: இதில் ஒன்று குறைத்தால் 2147483647 × 137490. மாமனார் பெருக்கிப் பார்த்துவிட்டார்.

16 நவம்பர், காலை 10.20

கடைக்காரர் திரும்பி வந்திருக்கிறார். சாஃப்ட்வேர்காரர் பெட்டியை எழுத்தாக மாற்றிவிட்டாராம், பழைய நம்பர்களை மீட்க முடியுமா என்று கேட்கிறார். முடியாது. உள்ளே போகும்போதே போய்விட்டன; எது 98-இல் தொடங்கியது, எது 63-இல் தொடங்கியது என்று அந்த எண்ணுக்கே தெரியாது. பில் புத்தகத்தின் கார்பன் காப்பி இருந்தால் அதிலிருந்து எடுங்கள். அந்தப் பையனை உட்கார வையுங்கள். பகா எண் என்று பார்த்தவுடன் தேடிப் படித்தவன் கண்ணுக்கு இலக்கம் தப்பாது.

24 நவம்பர், இரவு 8.05

மேலேயிருந்து இறங்கி வந்தோம். 46,191: இலக்கம் கூட்டினால் 21, மூன்றால் போகும், வேண்டாம். 46,129: பகா எண் போலவே இருந்தது, அரை மணி நேரம் ஏமாற்றிவிட்டு 163 × 283 என்று முடிந்தது. 45,881: 11-ஆல் போயிற்று. பட்டியலில் கடைசி 45,943. அதை மாமனார் எனக்கு விட்டுவைத்திருந்தார்.

ஈவு 46,742. மீதி 15,941. ஒன்பது தள்ளிப் பார்த்தாயிற்று. 1 வருகிறது.